கட்டடக்கலை வகுப்பில் கணினிக்கு எது இடம்? பாம்பன் கரை வலைக்கூடத்தை வைத்து ஒரு தொடக்கப் பாடம்

பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) சேர்ந்த மாணவர்கள் முதல் மாதத்திலேயே கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" என்பதுதான். உடனே ஒரு பட்டியல் கிடைக்கும்: ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட், ரைனோ. பட்டியலில் குறையில்லை. அதைத் தனி வகுப்பாக, டிசைன் ஸ்டுடியோவோடு ஒட்டும் உறவும் இல்லாமல் படிப்பதில்தான் கோளாறு. அப்படிப் படித்து முடித்தவருக்கு எல்லா பட்டனும் அத்துப்படியாக இருக்கும். ஆனால் கட்டடத்தைப் பற்றி எடுத்த ஒரு முடிவையாவது கணினி மாற்றியதா என்று கேட்டால் பதில் வராது. வடிவமைப்புக் கல்வியில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தை இணைப்பது என்பது, ஒரு கேள்வி எழும் இடத்தில் அதற்குப் பதில் தரக்கூடிய கருவியைக் கொண்டுவந்து வைப்பது. வந்த பதிலை நாடாவாலோ குச்சியாலோ ஒருமுறை சோதிப்பது. இந்த இரண்டாவது பாதிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

இது புதுச் சங்கதி அல்ல. இவான் சதர்லேண்ட் எம்ஐடியில் ஸ்கெட்ச்பேட் என்ற வரைவு நிரலை 1963-இல் செய்து காட்டினார். ஆட்டோகேட் 1982-இல் வந்தது. 1994-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் காகிதமில்லா ஸ்டுடியோ நடத்திப் பார்த்தது. நம் ஊர் மாணவர் காகிதத்தைக் கைவிடத் தேவையில்லை. பென்சிலில் பத்து நிமிடத்தில் முடியும் வேலையைக் கணினியில் இரண்டு மணி நேரம் செய்வது எந்தக் காலத்திலும் முன்னேற்றம் ஆகாது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வோம். பாம்பன் தீவின் தென்கடல் கரையில் வலை பின்ன ஒரு கூடம். 6 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம், பக்கங்கள் திறந்தவை, ஒரு கோடியில் மட்டும் வலையும் மோட்டாரும் வைத்துப் பூட்ட ஓர் அறை. படிப்பது மதுரையிலோ சென்னையிலோ இருக்கலாம், மனை இங்கே.

மனையை வரைபடத்தில் உட்காரவைப்பது

முதல் கருவி கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். இலவசம். செயற்கைக்கோள் படத்தின் மேல் மனையின் எல்லை, பாதை, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கோடுகள் எல்லாவற்றையும் அடுக்கு அடுக்காக வைத்துப் பார்க்கலாம். யுடிஎம் என்பது பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை. ராமநாதபுரம் மாவட்டம் அதில் 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. ஒரு அடுக்கை 43-இல் விட்டுவிட்டால் உங்கள் மனை எங்கோ தள்ளிப் போய்விடும். இது கண்ணில் படும் பிழை, அதனால் பயமில்லை.

கண்ணில் படாத பிழை வேறு. பாம்பனின் யுடிஎம் எண்கள் கிழக்கில் சுமார் 3 லட்சம் மீட்டர், வடக்கில் சுமார் 10 லட்சம் மீட்டர். அந்த எண்களோடு கோப்பை அப்படியே ஸ்கெட்ச்அப்புக்குள் கொண்டுவந்தால் மாடல் ஆரம்பப் புள்ளியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும். திரையைச் சுழற்றும்போது கோடுகள் நடுங்கும், புள்ளிகள் ஒட்டாது, முகங்கள் மூடாது. மாணவர் லேப்டாப்பைத் திட்டுவார். மனையின் ஒரு மூலையைப் பூஜ்யமாக நகர்த்திக்கொண்டு, எவ்வளவு நகர்த்தினோம் என்பதை ஒரு உரைக்கோப்பில் எழுதி வைத்தால் தீர்ந்தது.

மட்டத்துக்கு இணையத்தில் கிடைக்கும் உயரத் தரவை நம்பவேண்டாம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, அதிலும் சில மீட்டர் பிழை. மரமும் கூரையும்கூடத் தரையாகக் கணக்காகியிருக்கும். இங்கே கரையே கடல்மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர்தான். அந்தத் தரவில் சமவுயரக் கோடு வரைந்தால் இல்லாத மேடு முளைக்கும். ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். டியூபுக்குள் காற்றுக் குமிழி இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயர் ஓதக் கோட்டை (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் மேல் எல்லை) படத்தில் ஈரம் தெரிகிற இடமாகப் பார்த்து நீங்களே வரையக்கூடாது. 2019-ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி அது அதிகாரப்பூர்வ வரைபடத்தில் குறிக்கப்படும் கோடு. வலை பின்னும் இடம் போன்ற மீனவர் வசதிகளை அந்த விதிகள் தனியாகவே கருதுகின்றன. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு வடிவமைக்கத் தொடங்குவதும் பாடத்தின் பகுதிதான்.

போட்டோவிலிருந்து ஒரு சுவர்

புதிதாகக் கட்டுமுன், உப்புக்காற்று பொருளை என்ன செய்யும் என்று பார்க்கவேண்டும். அதற்கு தனுஷ்கோடியைவிட நல்ல வகுப்பறை கிடையாது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு கூரையில்லாமல் நிற்கும் தேவாலயச் சுவரில் பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் பூச்சு இல்லாமல் வெளியே தெரிகின்றன. (இன்று பவளக்கல்லை வெட்டிக் கட்ட முடியாது, 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அளந்து பதிவு செய்ய இது இன்னொரு காரணம்.)

போட்டோகிராமெட்ரி என்பது, ஒரே பொருளைப் பல இடங்களிலிருந்து எடுத்த படங்களில் பொதுவான புள்ளிகளைக் கணினி கண்டுபிடித்து, அவற்றிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடும் முறை. போன் கேமராவே போதும். கணக்கு இப்படி: சாதாரண போனின் முதன்மை கேமரா கிடைமட்டமாகச் சுமார் 70 பாகை பார்க்கும். 3 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு படத்தில் 4.2 மீட்டர் சுவர் விழும். படம் 4000 பிக்சல் அகலம் என்றால் ஒரு பிக்சல் சுவரில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கல்லின் மூட்டு தெரிய இது தாராளம்.

அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்காவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு படத்துக்கும் 1 மீட்டர்தான் நகரலாம். 12 மீட்டர் சுவருக்கு, விளிம்பைத் தாண்டித் தொடங்கித் தாண்டி முடித்தால், ஒரு வரிசைக்கு 12 முதல் 14 படம். 4 மீட்டர் உயரச் சுவர் என்றால் இரண்டு வரிசை: ஒன்று மார்பு உயரத்தில், ஒன்று கையை மேலே நீட்டி அல்லது செல்ஃபி குச்சியில். மூலையில் மட்டும் அவசரப்படாதீர்கள். 90 பாகை திரும்புவதற்குள் ஐந்தாறு படமாவது எடுக்கவேண்டும். இல்லையென்றால் மென்பொருள் இரண்டு சுவரையும் தனித்தனித் துண்டாக்கிவிடும்.

நடுவில் ஜூம் செய்யக்கூடாது. வெளிச்ச அளவைப் பூட்டிவிடவேண்டும். காலை எட்டு மணிக்குமுன் எடுப்பது நல்லது. உச்சி வெயிலில் நிழல் கறுத்துப்போய், அந்தப் பகுதி மாடலில் ஓட்டையாகிவிடும். கடல், அசையும் தென்னையோலை, கண்ணாடி மூன்றும் இந்த முறைக்கு ஆகாதவை, ஏனென்றால் படத்துக்குப் படம் அவை மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளையடித்த வழவழப்பான சுவரும் அப்படித்தான். பிடித்துக்கொள்ள அதில் புள்ளியே இல்லை. கீழக்கரையில் ஒரு பழைய வீட்டின் உட்சுவரை எடுப்பதானால், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, செய்தித்தாள் துண்டுகளை அங்கங்கே ஒட்டி எடுக்கலாம். தனுஷ்கோடியில் லென்சைப் பத்துப் படத்துக்கு ஒருமுறை துடையுங்கள். உப்பு ஈரம் படிவது போன் திரையில் தெரியாது. கணினியில் திறந்தால்தான் எல்லாப் படமும் மங்கல் என்று தெரியும்.

அளவுதான் முக்கியம். போட்டோவிலிருந்து வரும் மாடலுக்கு வடிவம் உண்டு, அளவு கிடையாது. சுவரில் குறைந்தது மூன்று தூரங்களை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்து மாடலைச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள். மற்ற இரண்டையும் மாடலில் அளந்து ஒப்பிடுங்கள். நாடாவில் 3.60, மாடலில் 3.59 என்றால் ஆவணத்துக்குப் போதும். 3.48 என்றால் படம் எடுத்ததில் எங்கோ ஓட்டை; அந்த மாடலை வைத்து வரையாதீர்கள். இந்த ஒப்பீட்டு அட்டவணை இல்லாத மாடலுக்கு மதிப்பெண் போடாமலிருப்பதே ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

படங்களிலிருந்து மாடல் செய்யும் மெஷ்ரூம், மாடலை அளந்து ஒப்பிடும் கிளவுட்கம்பேர் இரண்டும் இலவசம். முதலாவது நன்றாக ஓட என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும், அது கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும். ட்ரோன் ஆசை இருந்தால் பறக்கவிடும் முன் எங்கே விடலாம் என்பதை நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பாருங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, எதிரே சர்வதேசக் கடல் எல்லை. 250 கிராமுக்குக் குறைவான ட்ரோன்தானே என்று சிவப்பு மண்டலத்தில் அனுமதியில்லாமல் விடமுடியாது.

நிழல் பொய் சொல்லும் இடம்

தொடக்க மாணவரிடம் அதிகம் நடக்கும் பிழை இது. ஸ்கெட்ச்அப்பில் புதுக்கோப்பு திறந்தால் அது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில், 40 பாகை வடக்கில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இடத்தை மாற்றாமல் நிழலைப் போட்டால் அழகான நிழல் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது.

டிசம்பர் 21 நண்பகலில் போல்டரில் சூரியன் தொடுவானத்திலிருந்து 26.5 பாகை உயரம். 4 மீட்டர் சுவரின் நிழல் 8 மீட்டர். அதே நாள் பாம்பனில் (9.3 பாகை வடக்கு) சூரியன் 57.3 பாகை உயரம், நிழல் 2.6 மீட்டர். இந்த வேறுபாட்டில் ஒரு முற்றமே வந்துபோகும். மாடல் இன்ஃபோவில் ஜியோ-லொகேஷனைச் சரியாகக் கொடுத்து, நேர மண்டலம் +5:30 என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பாடநூல்கள் வடக்குச் சுவருக்கு நிழல் தேவையில்லை என்று சொல்லும். நம் கரையில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் 14-ஐ ஒட்டி, அதாவது சித்திரை பிறக்கும் நாள் வாக்கில், திரும்பவும் ஆகஸ்ட் கடைசியில். இடைப்பட்ட நாலரை மாதம் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூன் 21 நண்பகலில் வடக்குத் தொடுவானத்திலிருந்து 76 பாகை உயரம். கூடத்தின் பூட்டும் அறையில் 1.2 மீட்டர் உயர ஜன்னல் என்றால், அந்த வெயிலை மறைக்க வடக்குச் சன்ஷேடு 30 செ.மீ. நீண்டிருக்கவேண்டும் (1.2-ஐ 76 பாகையின் டேஞ்சன்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்). தெற்கு ஜன்னலுக்கு டிசம்பர் வெயிலை வைத்துப் பார்த்தால் 77 செ.மீ. வருகிறது. மேற்குப் பக்கம் எவ்வளவு நீட்டினாலும் பிரயோசனமில்லை. நாலு மணி வெயில் சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். அங்கே தொங்கவிடும் பனையோலைத் தட்டிதான் வழி.

கணினி சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க 1 மீட்டர் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நடுங்கள். டிசம்பர் 21 நண்பகலில் அதன் நிழல் வடக்கே 64 செ.மீ., ஜூன் 21-இல் தெற்கே 25 செ.மீ. விழவேண்டும். நண்பகல் என்பது கடிகாரத்தில் 12 மணி அல்ல. நம் நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது, பாம்பன் 79.2-இல் இருக்கிறது. ஆக இங்கே உச்சி 12.13-ஐ ஒட்டி, மாதத்துக்கேற்பக் கால் மணி நேரம் வரை முன்பின்னாக வரும். நிழல் மிகக் குட்டையாகும் கணத்தைப் பிடித்தால் போதும், கடிகாரமே வேண்டாம்.

காற்று

தட்பவெப்ப ஆய்வுக்கு இபிடபிள்யூ என்ற வானிலைக் கோப்பு வேண்டும்: எட்டுத் தலைப்பு வரிகள், அதன்பின் ஆண்டின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரியாக 8760 வரிகள். 21-ஆவது நெடுவரிசை காற்றின் திசை, 22-ஆவது வேகம். நோட்பேடில் திறந்து முதல் வரியில் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்ன என்று படித்துவிட்டுத்தான் பயன்படுத்தவேண்டும். வானிலைத் துறைக்குப் பாம்பனிலேயே நிலையம் உண்டு. மதுரைக் கோப்பை வைத்துப் பாம்பனுக்கு ஆய்வு செய்தால் வெப்பம் கூடும், ஈரப்பதம் குறையும், கடற்காற்று காணாமலே போகும்.

ரைனோவுக்குள் ஓடும் கிராஸ்ஹாப்பரின் துணைநிரலான லேடிபக் இந்த எண்களைக் காற்று மலராக (எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று என்று காட்டும் வட்டப்படம்) வரைந்து தரும். அதில் இதழ் நீளும் திசை, காற்று வரும் திசை. போகும் திசை என்று நினைத்துக் கூடத்தைத் திருப்பி வைத்த வரைபடங்கள் ஏராளம். மலரை அச்சிட்டுக் கரைக்கு எடுத்துப் போய் மீனவர்களிடம் காட்டுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எந்தெந்த மாதம், எந்தப் பக்கம் என்று அவர்கள் சொல்வதை அதன்மேலேயே குறியுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத மாதத்தில் கோப்பைச் சந்தேகியுங்கள். நிலையத்தின் கருவி பத்து மீட்டர் உயரத்தில் திறந்தவெளியில் இருக்கும். உங்கள் கூடமோ படகுகளுக்கும் குடிசைகளுக்கும் நடுவே. தரைமட்டத்தில் காற்று குறைவாகத்தான் இருக்கும்.

காற்றோட்டத்தை வண்ண வண்ணமாகக் காட்டும் மென்பொருளை முதல் இரண்டு ஆண்டுகளில் தொடாமலிருப்பதே நல்லது. எதைக் கொடுத்தாலும் வண்ணம் வரும்.

ஸ்லைடருக்கு எல்லை எங்கிருந்து வரும்

பாராமெட்ரிக் வடிவமைப்பு என்றதும் வளைந்து நெளிந்த கூரைகள் நினைவுக்கு வரும். உண்மையில் அது, அளவுகளுக்கு இடையிலுள்ள உறவை எழுதிவைப்பது. ஒன்றை மாற்றினால் மற்றவை தானே மாறும்.

நம் கூடத்தின் அகலம் 6 மீட்டர். நடு முகட்டிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், அதற்குமேல் 60 செ.மீ. இறவாணம் (வெளியே நீளும் கூரை ஓரம்). கூரைச் சாய்வு 30 பாகை என்றால் பனங்கையின் (கூரையைத் தாங்கும் சாய்ந்த பனைச் சட்டம்) நீளம் 3.6-ஐ 30 பாகையின் கொசைனால் வகுத்து 4.16 மீட்டர். கிராஸ்ஹாப்பரில் சாய்வை ஸ்லைடராக (இழுத்து எண்ணை மாற்றும் பட்டை) வைத்து 40-க்குத் தள்ளினால் 4.70 மீட்டர் ஆகிவிடும். திரையில் எதுவும் தடுக்காது. மரக்கடையில் கேளுங்கள்: வைரம் பாய்ந்த, நேரான பனங்கை எவ்வளவு நீளம் கிடைக்கும்? 4.5 மீட்டர் என்று சொன்னால் சாய்வு 36 பாகையைத் தாண்ட முடியாது. ஸ்லைடரின் மேல் எல்லையை 36 என்று பூட்டுங்கள். இந்த எண் மாணவரின் கற்பனையிலிருந்து வந்ததல்ல, கடைக்காரரிடமிருந்து வந்தது. பாராமெட்ரிக் பாடத்தின் சாரம் அதில் இருக்கிறது.

சுவருக்குள் என்ன இருக்கிறது

ஆட்டோகேடில் வரைந்த தூண் நாலு கோடு. ரெவிட் போன்ற பிம் மென்பொருளில் (கட்டடத்தின் தகவலையும் சேர்த்து மாடல் செய்வது) அதே தூணுக்குக் காங்கிரீட் தரம், கம்பி, மூடுகனம் (கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன்) எல்லாம் உண்டு. இதனால் என்ன லாபம் என்பதற்கு ஒரே ஒரு தூண் போதும்.

காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456:2000 கடல்நீர்த் துளி தெறிக்கும் இடத்தை மிகக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது: காங்கிரீட் குறைந்தது எம்35, கம்பியின் மேல் மூடுகனம் 50 மி.மீ. மென்பொருளின் டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண் இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும்; அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நம் ஊரில் எல்லோரும் போடும் 230-க்கு 230 தூணில் இருபுறமும் 50 விட்டால் உள்ளே மிஞ்சுவது 130 மி.மீ. இருபக்கமும் 8 மி.மீ. ரிங் கம்பி போனால் 114. அதற்குள் நான்கு 16 மி.மீ. கம்பி, கம்பி இணையும் இடத்தில் எட்டு, அதற்கு நடுவே உத்திரத்தின் கம்பிகளும் நுழையவேண்டும். கம்பியையும் மாடல் செய்தால் நெரிசல் திரையிலேயே தெரியும். கரையில் தூண் ஏன் பெரிதாக வேண்டும் என்று அதற்குப் பிறகு விளக்கத் தேவையில்லை. கம்பி கட்டுபவர் இடமில்லாமல் மூடுகனத்தைக் குறைத்தால் சில ஆண்டுகளிலேயே துரு வீங்கிக் காங்கிரீட் உரிந்து விழும்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றியும் கேட்பார்கள். கடற்கரைக் கூடம் என்று எழுதினால் கேரளத்து ஓடும் கிரேக்கத்து வெள்ளைச் சுவரும் கலந்த ஏதோ ஒன்று வரும். அளவு கிடையாது, எடை கிடையாது. பேச்சைத் தொடங்க உதவும். வரைபடத் தாளில் ஒட்டத் தகாது.

கையில் பிடிக்கும் மாடல்

லேசர் வெட்டும் இயந்திரம் கிடைத்தால் 1:50 அளவில் சட்டகத்தை வெட்டிச் சேர்க்கலாம். 2 மி.மீ. என்று விற்கும் அட்டை 1.8-ஆகவும் இருக்கும், மழைக்காலத்தில் 2.1-ஆகவும் ஊதியிருக்கும். வெர்னியரால் அளந்துவிட்டுத்தான் பள்ளத்தின் அகலத்தை வரையவேண்டும். கதிர் தானே 0.1 முதல் 0.2 மி.மீ. வரை எரித்துக்கொள்ளும், அதையும் கழியுங்கள். முழுத் தாளையும் அனுப்பும் முன் ஒரே ஒரு மூட்டு மட்டும் வெட்டி மாட்டிப் பாருங்கள். முப்பரிமாண அச்சுக்கான பிஎல்ஏ இழை இந்தக் கரையின் ஈரக்காற்றில் இரண்டு வாரம் திறந்து கிடந்தால் அச்சிடும்போது படபடவென்று பொரிந்து மேற்பரப்பு சொரசொரக்கும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். அச்சான மாடலை வெயிலில் நிற்கும் காருக்குள் விடவேண்டாம். பிஎல்ஏ 60 பாகை வாக்கிலேயே இளகும்.

மென்பொருள் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். படிப்பு முடிந்ததும் அது நின்றுவிடும், உங்கள் ஐந்து வருடக் கோப்புகள் திறக்காமல் கிடக்கும். அதனால் ஒவ்வொரு பருவம் முடியும்போதும் வேறு மென்பொருளிலும் திறக்கும்படி மாடலை ஐஎஃப்சி வடிவிலும், வரைபடங்களை டிஎக்ஸ்எஃப், பிடிஎஃப் வடிவிலும் ஏற்றுமதி செய்து, தளத்தில் எடுத்த மூலப் படங்களோடும் நாடா அளவுக் குறிப்போடும் சேர்த்து ஒரு வெளி டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.